பிரிந்த பின்னும் பெற்றோர்: ஒன்ராறியோவில் குடும்ப மத்தியஸ்தம்

ரொறன்ரோ பெரும்பாகத்தில் வாழும் ஈழத்தமிழ்க் குடும்பங்களில் கணவனும் மனைவியும் பிணங்கினால், பெரியப்பா, மாமா, ஊர்ப் பெரியவர் என உறவினரே முன்வந்து பேசித் தீர்த்துவைப்பது இன்றும் தொடரும் வழக்கம். இப்பேச்சுகள் பெரும்பாலும் இருவரையும் மீண்டும் சேர்த்துவைக்கும் நோக்கம் கொண்டவை. ஆகவே, இனிச் சேர்ந்து வாழ இயலாது என்று முடிவான பின்னர் பிள்ளைகளை எவ்வாறு வளர்ப்பது என்ற கேள்வி அங்கே எழுவதற்குள் பேச்சே முறிந்துவிடுகிறது. எந்தப் பக்கமும் சாராத, பயிற்சி பெற்ற ஒருவரின் துணையுடன் பெற்றோர் இருவரும் தாமே உடன்பாட்டுக்கு வரும் குடும்ப மத்தியஸ்தம், அக்கேள்வியிலிருந்தே தொடங்குகிறது.

கனடாவின் விவாகரத்துச் சட்டத்தில் 2021 மார்ச் 1 அன்று நடைமுறைக்கு வந்த திருத்தங்கள், பொருத்தமான சூழலில் பெற்றோர் நீதிமன்றத்துக்கு வெளியே பிணக்கைத் தீர்க்க முயல வேண்டும் என்றும், அதற்குத் தம் கட்சிக்காரரை ஊக்குவிப்பது வழக்கறிஞரின் கடமை என்றும் விதித்தன. பிள்ளை தொடர்பான தீர்மானங்களுக்குப் பிள்ளையின் நலன் ஒன்றே அளவுகோல். அந்நலனை எடைபோடும்போது பாட்டன் பாட்டியுடனான உறவும், மொழி, சமயம், பண்பாடு ஆகிய மரபுகளும் கருதப்பட வேண்டும் என்று சட்டமே கூறுவதால், பிரிவு என்பது பிள்ளையைத் தமிழிலிருந்தும் உறவுகளிலிருந்தும் அறுத்துவிடும் என்ற அச்சத்துக்கு மத்தியஸ்தத்தில் விடை தேட இடமுண்டு.

ஒன்ராறியோவில் குடும்ப நீதிமன்ற வளாகத்தில் இலவசமாகவும், வெளியே வருமானத்துக்கேற்ற கட்டணத்திலும் மத்தியஸ்தச் சேவை கிடைக்கிறது. மத்தியஸ்தர் முதலில் இருவரையும் தனித்தனியே சந்தித்து, வன்முறையோ மிரட்டலோ உள்ளதா, ஒருவர் மற்றவருக்கு அஞ்சித் தலையசைக்கும் நிலை உள்ளதா என்று ஆராய்ந்த பின்னரே பேச்சைத் தொடங்குவார். அவர் தீர்ப்பு வழங்குவதில்லை, சட்ட ஆலோசனையும் கூறுவதில்லை. ஆகவே எட்டிய உடன்பாட்டை ஒவ்வொருவரும் தத்தம் வழக்கறிஞரிடம் காட்டித் தெளிவு பெறுவது நல்லது. அதன் பின்னர் எழுத்தில் வடித்து, சாட்சியின் முன் கையெழுத்திட்டால் அது சட்டப்படி பிணைக்கும் ஒப்பந்தமாகிறது.

யார் குற்றவாளி என்று நெடுநாள் வாதிட்டுக் களைத்தவர்கள், பேச்சு மேசையில் பிள்ளையின் ஒரு வாரத்தை மணிக்கணக்கில் பகுத்துப் பார்க்க வேண்டியிருக்கிறது. வெள்ளிக்கிழமை பாடசாலை விட்டதும் யார் அழைத்துச் செல்வது, சனிக்கிழமைத் தமிழ் வகுப்பு எவருடைய பொறுப்பு, குளிர்காலச் சப்பாத்தும் மேலங்கியும் இரு வீட்டிலும் இருக்குமா, தைப்பொங்கல் எந்த வீட்டில், கடவுச்சீட்டு யார் கையில் என்பன ஒவ்வொன்றாக எழுதப்படுகின்றன. பார்வைக்குச் சிறியவையாகத் தோன்றும் இவையே, எழுதிவைக்கப்படாதபோது, வாசற்படியில் பிள்ளையின் கண்முன் சண்டையாக வெடிக்கின்றன.

வன்முறை நிலவும் குடும்பத்தில், சமரசம் என்ற பெயரால் பாதிக்கப்பட்டவரை மேசைக்கு இழுத்துவருவது அநீதி. அவருக்கு முதலில் வேண்டியது பாதுகாப்பு, அதன் பின் நீதிமன்றம். குடும்ப மானத்தைக் காட்டி அவரை அடங்கிப்போகச் சொல்லும் உறவினர், தாம் காப்பதாக எண்ணும் பிள்ளைக்கே தீங்கு செய்கின்றனர்.

அத்தகைய ஆபத்து இல்லாத குடும்பங்களில், சேர்த்துவைக்க உழைக்கும் பெரியவர்கள் அதே அக்கறையை நல்லமுறையில் பிரிவதற்கும் அளிக்க முடியும். மருமகளையோ மருமகனையோ பேரப்பிள்ளையின் முன் இழித்துப் பேசாமலிருப்பதும், பிள்ளையைத் தூதனுப்பாமலிருப்பதும், மற்ற வீட்டிலுள்ள அப்பம்மாவுடனோ அம்மம்மாவுடனோ பிள்ளை தொலைபேசியில் பேச வழிவிடுவதும் எந்த மத்தியஸ்தராலும் செய்து கொடுக்க முடியாத உதவிகள். திருமணத்தைச் சமூகம் கூடி நடத்திவைப்பது போலவே, அது முடிவுறும்போதும் பிள்ளையின் பக்கம் நிற்பது அச்சமூகத்தின் கடமையாகும்.