பெட்ரோல் முள்ளைப் பாருங்கள்

பழைய கார் வைத்திருப்பவர்களுக்கு ஒரு வியாதி உண்டு. வண்டி நின்றால் உடனே எதையாவது மாற்றிவிடுவார்கள். காயில், கண்டென்சர், பெட்ரோல் பம்ப்... கைக்கு எட்டிய எல்லாம் மாறும். தினமும் கையால் தொடுகிற இக்னிஷன் ஸ்விட்ச் மட்டும் யார் கண்ணிலும் படாது!

எங்கள் வீட்டு அம்பாசிடர் 1982 மாடல், மார்க் 4. தாத்தா வாங்கியது. போன வருடம் அதற்கு ஒரு கெட்ட பழக்கம் வந்தது. நன்றாக ஓடிக்கொண்டிருக்கும், பொசுக்கென்று அணைந்துவிடும். இரண்டு நிமிடம் கழித்து ஒன்றுமே நடக்காதது போல ஸ்டார்ட் ஆகும். ஒருநாள் மேம்பாலம் ஏறும்போது நின்றது. பின்னால் மணல் லாரி. உள்ளே அம்மாவும் பாட்டியும். அன்று இரவே அப்பா சொல்லிவிட்டார், "இன்னொரு தடவை நின்னா காயலான் கடைதான்." அதற்குள் புதுக் காயில், புது பம்ப் என்று செலவும் ஆகியிருந்தது.

கடைசியாக, தெருமுனையில் ஷெட் வைத்திருக்கும் பாயிடம் போனேன். அவர் பானெட்டைக்கூடத் திறக்கவில்லை. ஒரே ஒரு கேள்விதான். "தம்பி, வண்டி நிக்கிறப்ப பெட்ரோல் முள் எங்க இருந்துச்சு?"

நல்லவேளை, கவனித்திருந்தேன். பாதி டேங்க் பெட்ரோல் இருந்தும் முள் கீழே விழுந்திருந்தது. டாஷ்போர்டில் சிவப்பு லைட்டும் வரவில்லை. ஹாரன் மட்டும் அடித்தது.

"அப்புறம் காயில் என்னப்பா பண்ணும்? ஸ்விட்ச்சைப் பாரு."

விஷயம் இதுதான். பேட்டரி மின்சாரம் பழுப்பு ஒயரில் ஸ்விட்ச்சுக்கு வருகிறது. சாவியைத் திருப்பினால் வெள்ளை ஒயரில் காயிலுக்குப் போகிறது. அதிலிருந்தே ஒரு ஃபியூஸ் வழியாகப் பச்சை ஒயரில் பெட்ரோல் மீட்டர், வைப்பர் எல்லாம். ஹாரனும் ஹெட்லைட்டும் இந்த வழிக்கே வராது. பழைய பிரிட்டிஷ் கார்களின் நிறக்கணக்கு இது. அம்பாசிடரே மாரிஸ் ஆக்ஸ்ஃபோர்டின் வாரிசுதானே! ஆக, எஞ்சினும் முள்ளும் சேர்ந்து செத்தால் கோளாறு ஸ்விட்ச்சில், அல்லது அதற்கு வரும் ஒயரில். எஞ்சின் மட்டும் செத்தால் ஸ்விட்ச் நிரபராதி.

மீட்டர் வைத்துப் பார்த்தோம். பழுப்பு ஒயரில் 12.4 வோல்ட். வெள்ளையில் 9. சாவியை லேசாக ஆட்டினால் ஏறி இறங்கியது. காணாமல் போன 3.4 வோல்ட்டும் ஸ்விட்ச்சுக்குள் சூடாகிக்கொண்டிருந்தது.

இதற்கு முன் பார்த்த மெக்கானிக் ஒருவர், "டைரக்டா கொடுத்து ஒரு சாதா ஸ்விட்ச் வெச்சிரலாம்" என்றிருந்தார். அப்படிச் செய்தால் வண்டியை யார் வேண்டுமானாலும் கிளப்பிக்கொண்டு போகலாம். அணைக்க மறந்தால், எஞ்சின் ஓடாமலே மின்சாரம் பாய்ந்து காயில் வெந்துபோகவும் கூடும்.

முதலில் பேட்டரி ஒயரைக் கழற்றிவிட்டு, ஸ்விட்ச்சை வெளியே எடுத்தோம். உள்ளே பித்தளைத் தகடு கரி பிடித்துக் கிடந்தது. அது மட்டும் என்றால் நைஸ் எமரித் தாளால் தேய்த்து மாட்டிவிடலாம். ஆனால் டெர்மினலைப் பிடித்திருந்த பேக்கலைட்டும் வெடித்திருந்தது. அதை ஒட்டவைப்பது ஆபத்து. புதிதுதான் போட வேண்டும்.

அம்பாசிடர் உற்பத்தி 2014ல் நின்றுவிட்டது என்றாலும் புதுப்பேட்டையில் தேடினால் கிடைக்கிறது. சில நூறு ரூபாய்தான். எனக்கு ஒரே வருத்தம், தாத்தாவின் சாவி போய்விடுமே என்று. பாய் சிரித்தார். சாவியைப் பழைய ஸ்விட்ச்சில் செருகி, பக்கத்திலிருந்த சின்ன ஓட்டையில் கம்பியால் ஒரு அழுத்து. பூட்டுக் குழல் மட்டும் தனியே கழன்று வந்தது. புது ஸ்விட்ச்சில் அப்படியே உட்கார்ந்தது. அளவு ஒத்துப்போனது எங்கள் அதிர்ஷ்டம்.

மாட்டியபின் வெள்ளை ஒயரில் 12.3 வோல்ட். ஐந்து மாதமாக வண்டி ஒரு தடவைகூட நிற்கவில்லை.

உங்கள் வீட்டிலும் பழைய வண்டி இருந்தால், அது நின்றதும் சாவியை அணைக்காமல் ஒரு நிமிடம் டாஷ்போர்டைப் பாருங்கள். பர்ஸை அப்புறம் திறக்கலாம். இன்னொன்று, கனமான சாவிக்கொத்தை ஸ்விட்ச்சில் தொங்கவிடாதீர்கள். அந்த ஆட்டத்திலேயே பூட்டு தேய்ந்துவிடும். எங்கள் கொத்தில் வீட்டுச் சாவி, பீரோ சாவி என்று ஏழு இருந்தன. அப்பாவே உட்கார்ந்து ஆறையும் கழற்றிவிட்டார். காயலான் கடைப் பேச்சை அதற்கப்புறம் எடுக்கவேயில்லை :-)