சட்டையில் கறுப்பு, பேனரில் சிவப்பு

2024 மே 8. ஹைதராபாத்தின் பாலாநகர் பட்டறைத் தெருவில் மதியச் சாப்பாட்டு நேரம். லேத்துகள் நின்றிருந்தன. டீக்கடை பெஞ்சில் ஒரு செல்போனைச் சுற்றிப் பட்டறை ஆட்கள் குனிந்திருந்தார்கள். வாரங்கல் கூட்டத்தில் பிரதமர் மோடி பேசிய பேச்சு. தோலின் நிறத்தை வைத்து நாட்டு மக்களை இழிவுபடுத்துவதா என்று கொதித்தார். குடியரசுத் தலைவர் முர்முவை காங்கிரஸ் எதிர்த்ததும் நிறத்தால்தான் என்றார். காங்கிரசின் அயலகப் பிரிவுத் தலைவர் சாம் பிட்ரோடா ஒரு பேட்டியில், கிழக்கே இருப்பவர்கள் சீனர் மாதிரி, தெற்கே இருப்பவர்கள் ஆப்பிரிக்கர் மாதிரி என்று சொல்லி வைத்திருந்தார். அன்றைக்கே பதவி விலகினார். பாலாநகர் அடங்கிய மல்காஜ்கிரி தொகுதிக்கு மே 13-இல் வாக்குப்பதிவு.

பெஞ்சில் ஸ்ரீகாகுளத்துக்காரர், பீகாரி, ஒடிசாப் பையன், தமிழனான நான். ஒடிசாப் பையனைப் பட்டறையில் எல்லோரும் "நல்லோடா" என்றுதான் கூப்பிடுவார்கள், தெலுங்கில் கறுப்பன் என்று. பிரதமரின் கோபத்துக்குத் தலையாட்டிய அதே மேஸ்திரி, போனை மடக்கி வைத்துவிட்டு, "நல்லோடா, டீ கிளாசைக் கழுவி வை" என்றார். பையன் எழுந்து போனான்.

எனக்கு அன்று உறுத்தியது இன்னொன்றும் உண்டு. பிட்ரோடா சொன்னது அபத்தம். ஆனால் எழுந்த கோபத்திலும், ஆப்பிரிக்கரைப் போல் இருப்பது கேவலம் என்ற எண்ணம் ஒளிந்திருந்தது. இந்த ஊரிலேயே மாசாப் டேங்க் பக்கம் ஏ.சி. கார்ட்ஸ் என்றொரு பேட்டை இருக்கிறது. நிஜாமின் ஆப்பிரிக்கக் குதிரைப்படை வீரர்களின் பெயரால் அமைந்தது. அவர்களுடைய வழிவந்த சித்தி மக்கள் இன்னும் அங்கே வாழ்கிறார்கள். அந்த வாரம் தொலைக்காட்சி பார்த்த அவர்கள் வீட்டுப் பிள்ளைகளுக்கு என்ன தோன்றியிருக்கும்?

2017-இலும் இப்படித்தான். கிரேட்டர் நொய்டாவில் நைஜீரிய மாணவர்களை அடித்தார்கள். இந்தியர்கள் இனவெறியர்கள் அல்ல என்று நிரூபிக்கக் கிளம்பிய பா.ஜ.க.வின் தருண் விஜய், அப்படியிருந்தால் கறுப்பர்களான தென்னாட்டாரோடு நாங்கள் எப்படி வாழ்வோம் என்று கேட்டார். திருவள்ளுவரைப் புகழ்ந்து வடக்கே சிலை கொண்டுபோன மனிதர் அவர். பிறகு மன்னிப்புக் கேட்டார். அந்தப் பேச்சில் வந்த "நாங்கள்" என்ற சொல் என்னை இன்னும் விடவில்லை.

அப்பா இருந்திருந்தால் அன்றைக்குக் கறுப்புச் சட்டையை எடுத்துப் போட்டுக்கொண்டு தெருவில் இறங்கியிருப்பார். ஈரோட்டுக்காரர். ஐ.டி.பி.எல். மருந்து ஆலையில் வேலை கிடைத்துப் பாலாநகர் வந்தார். சோவியத் உதவியோடு எழுந்த ஆலை அது. பல மொழி பேசுகிறவர்கள் ஒரே ஷிஃப்டில் நின்றார்கள். ஞாயிற்றுக்கிழமைகளில் அப்பாவின் உடம்பில் கறுப்புச் சட்டை இருக்கும். 1946-இல் மதுரையில் பெரியாரின் கருஞ்சட்டைப் படை மாநாட்டுப் பந்தலுக்கு எதிரிகள் தீ வைத்ததைச் சொல்லும்போது குரல் உயரும். பெரியார் அந்தக் கறுப்பைத் தோலைக் காட்டத் தேர்ந்தெடுக்கவில்லை. சமூகத்தில் பட்ட இழிவைக் காட்டத் தேர்ந்தெடுத்தார். என்றாலும் தெலுங்கு நாட்டில், தமிழனைக் குறிக்கும் "அரவோடு" என்ற கேலியைக் கேட்டு வளர்ந்த எனக்கு, அந்தச் சட்டை என் தோலுக்கே கிடைத்த கவசமாகப் பட்டது. என் அரசியல் அங்கேதான் தொடங்கியது. புத்தகமெல்லாம் பிறகு.

அதே அப்பா, அக்காவுக்கு வரன் தேடியபோது ஊருக்கு எழுதிய கடிதத்தில் "பெண் நல்ல சிவப்பு" என்று எழுதினார். அக்கா என்னைவிடக் கறுப்பு. 1975-இல் வந்த ஃபேர் அண்ட் லவ்லி டியூப் எங்கள் வீட்டுக் கண்ணாடி அலமாரியில் பெரியார் படத்துக்குக் கீழே இருந்தது. அக்கா கடைசித் துளிவரை பிதுக்கித் தேய்ப்பாள். யாரும் அவளைத் தடுக்கவில்லை.

எம்.ஜி.ஆர். வந்து நின்றால் அந்த இடமே வெளிச்சமாகிவிடும் என்று அம்மா சொல்வாள். அவருக்கு விழுந்த ஓட்டில் அந்த நிறத்துக்கும் பங்கு உண்டு என்று நான் நம்புகிறேன். 2005-இல் விஜயகாந்த் கட்சி தொடங்கியபோது தொண்டர்கள் அவரைக் "கறுப்பு எம்.ஜி.ஆர்." என்றார்கள். 2006-இல் விருத்தாசலத்தில் வென்றார், 2011-இல் எதிர்க்கட்சித் தலைவரானார். நம்மைப் போல் ஒருத்தன் என்று மக்கள் நினைத்ததில் தோலுக்கும் இடம் இருந்தது. ஆனாலும் அவரை உயர்த்திச் சொல்ல ஒரு சிவந்த மனிதரின் பெயர்தான் தேவைப்பட்டது.

பாலாநகரில் தேர்தல் நேரத்து ஃப்ளெக்ஸ் கடைகளில் உட்கார்ந்து பார்த்திருக்கிறேன். எந்தக் கட்சிப் பையன் படம் கொண்டுவந்தாலும் முகத்தை வெளுப்பாக்கச் சொல்வான். டிசைன் செய்பவர் நெற்றி, கன்னம், கழுத்து என்று வெளுத்துக்கொண்டே போவார், கையை விட்டுவிடுவார். ரோஸ் முகத்துக்குக் கீழே கறுத்த கைகள் கும்பிட்டுக்கொண்டிருக்கும். 

இதே ஊரின் ஹப்சிகுடாவில் இருக்கும் சி.சி.எம்.பி. ஆய்வு மையத்தின் குமாரசாமி தங்கராஜும் வெளிநாட்டு அறிஞர்களும் 2013-இல் ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். தோலை வெளுப்பாக்கும் எஸ்எல்சி24ஏ5 மரபணு மாற்றம் ஐரோப்பியருக்கும் நமக்கும் ஒரே மூலத்திலிருந்து வந்தது என்றார்கள். தெற்கிலும் அது இருக்கிறது, வடக்கிலும் அது இல்லாதவர்கள் இருக்கிறார்கள். எனக்கு மகிழ்ச்சியாக இருந்தது. ஆனால் மேஸ்திரி மரபணுவைப் பார்த்தா பையனைக் கூப்பிடுகிறார்?

மே 13 அன்று வரிசையில் அந்த மேஸ்திரி எனக்கு முன்னால் நின்றார். நிறத்தை இழிவுபடுத்தியவர்களுக்குப் பாடம் கற்பிக்கப் போவதாகச் சொன்னார். உண்மையான வலியோடுதான் சொன்னார், அவரும் கறுப்புதான். அந்த வலியை ஓட்டாக மாற்றத் தெரிந்தவர்கள் எல்லாக் கட்சியிலும் உண்டு. தீர்க்க முன்வந்தவரை நான் இதுவரை பார்க்கவில்லை.

அரசியலமைப்பின் 15-ஆம் பிரிவு மதம், இனம், சாதி, பால், பிறந்த இடம் ஆகியவற்றின் பேரில் பாகுபாடு கூடாது என்கிறது. அந்தப் பட்டியலில் நிறம் இல்லை. உங்கள் வாசலுக்கு ஓட்டுக் கேட்டு வருகிறவர் எந்தக் கட்சியானாலும், அதைச் சேர்க்கக் குரல் கொடுப்பாரா என்று கேளுங்கள்.