மோதிரம் உருகுன பிறகும் ஆறு அத்தியாயம்

டோல்கீனோட 'தி லார்ட் ஆஃப் தி ரிங்ஸ்' மூணு புத்தகமா வந்தது. அதுல கடைசியான 'தி ரிட்டர்ன் ஆஃப் தி கிங்' போன வாரம்தான் முடிச்சேன். முதல் புத்தகத்தை எடுத்தது போன சித்திரையில. எங்க பக்கம் மும்முனை கரண்ட் ராத்திரியில வர்றப்ப, தண்ணி பாய்ச்சிக்கிட்டே மோட்டார் கொட்டகையில உக்காந்து படிக்கிறது. பழங்காலத்து இங்கிலீஷ் நடை, ஒரு ராத்திரிக்கு பத்து பக்கம் போனா பெரிசு. எல்லாம் மகள் காலேஜ் படிக்கிறப்ப வாங்கின புத்தகங்க.

மகளுக்கு இந்தக் கடைசிப் புத்தகத்து மேல ஒரு குறை. "மோதிரம் எரிமலையில விழுந்ததும் கதை முடிஞ்சிருச்சுப்பா, அப்புறம் எதுக்கு இவ்வளவு இழுக்கறாரு?" மோதிரம் உருகுன பிறகு இன்னும் ஆறு அத்தியாயம் இருக்கறது உண்மைதான். ஆனா எனக்கு அந்த ஆறுதான் புத்தகமே.

சினிமாவா மட்டும் பாத்தவங்களுக்கு நான் சொல்றது புரியாம போகலாம். பீட்டர் ஜாக்சன் எடுத்த படத்துல ஃப்ரோடோவும் சாமும் ஊர் திரும்பறப்ப ஊர் அப்படியே பச்சையா இருக்கும். புத்தகத்துல அப்படி இல்ல. ஷயர்ங்கிற அவங்க ஊரு வெள்ளாமை செய்யற குட்டை மனுஷங்க ஊரு. உலகத்தையே காப்பாத்திட்டு வந்து பாத்தா, சாருமானோட ஆளுங்க ஊரைச் சுரண்டி வச்சிருக்காங்க. விளைஞ்சதெல்லாம் வண்டியேறி வெளிய போயிருக்கு. புது மில்லு ஓடைத் தண்ணியை நாறடிக்குது. சாலையோர மரமெல்லாம் வெட்டியாச்சு. பில்போவோட பிறந்தநாள் விருந்து நடந்த திடல்ல நின்ன மரமும் வெட்டுப்பட்டு அங்கேயே கிடக்கு. அதைப் பாத்துத்தான் சாம் உடைஞ்சு அழறான். இத்தனைக்கும் மோர்டோர் வரைக்கும் போய் வந்தவன்.

சாம் தோட்டக்காரன். மோதிரம் அவன் கையில இருந்த கொஞ்ச நேரத்துல அதுவும் அவனுக்கு ஆசை காட்டிப் பாக்குது. அந்தப் பாழ்நிலம் முழுக்க உன் தோட்டமாகும்னு காட்டுது. அவன் மசியல. தன் கையால பாக்கற அளவுக்கு ஒரு சின்னத் தோட்டம் போதும்னு நினைக்கிறான். அம்பது ஏக்கர் வளைச்சுப் போட்டுட்டு வேலி மட்டும் கட்டற ஆளுங்களுக்கு இந்தப் பக்கத்தை ஜெராக்ஸ் எடுத்துக் குடுக்கலாம்.

2018 நவம்பர் 16 விடியக்காலம் கஜா அடிச்சப்ப எங்க தோப்புல 140 தென்னை. விடிஞ்சு போய்ப் பாத்தா நின்னது 11. பேராவூரணிப் பக்கம் எல்லார் கணக்கும் ஏறக்குறைய இதேதான். எங்க ஊர்ல மரத்தை வெட்டுனது ஆளு இல்ல, காத்து. ஆனா கிடக்கற மரத்தைப் பாக்கறவனுக்கு அதுல என்ன வித்தியாசம்?

அதனால அடுத்து வர்ற பக்கங்களை நான் கொஞ்சம் பொறாமையோடதான் படிச்சேன். கலாட்ரியல்ங்கிற அரசி முதல் புத்தகத்துல சாமுக்கு ஒரு சின்ன மரப்பெட்டி குடுத்திருப்பா. அவ தோட்டத்து மண்ணும் ஒரே ஒரு விதையும் அதுல இருக்கும். மத்தவங்களுக்கெல்லாம் கிடைச்சது வேற வேற, இவனுக்கு மண்ணு. ஊர் திரும்பினதும் அவன் அதைத் தன் வீட்டுத் தோட்டத்துலயே கொட்டிக்கல. எங்கெங்க நல்ல மரம் போச்சோ அங்கெல்லாம் கன்னு வச்சு, ஒவ்வொண்ணு வேர்லயும் ஒரு துளி மண்ணு போடறான். விதையை விருந்துத் திடல்ல ஊன்றான். அடுத்த வருஷமே இருபது வருஷ வளர்ச்சி! ஷயர் கணக்குல 1420-ஆம் வருஷம். பழமும் பார்லியும் கொட்டுது. அந்த வருஷத்து பீரைப் பத்தி பின்னாடி பல காலம் பேசினாங்களாம்.

நெட்டைத் தென்னை வச்சா பாளை பாக்கவே ஆறேழு வருஷம். அந்தப் பெட்டி மண்ணுல ஒரு கைப்பிடி கிடைச்சிருந்தா எங்க தெருவுல பாதிப் பேர் திருப்பூருக்குப் போயிருக்க மாட்டாங்க. புத்தகத்துல எனக்கு லேசா கோபம் வந்த இடம் இது ஒண்ணுதான்.

ஆனா டோல்கீன் அதோட விடல. மரம் திரும்ப வந்துருது, ஃப்ரோடோ வரல. ஒவ்வொரு அக்டோபர் 6-க்கும் அவனுக்குப் பழைய கத்திக்காயம் வலிக்குது. மார்ச் 13-ம் அதே மாதிரி, சிலந்தி கடிச்ச நாள். முதல் மார்ச்ல அவன் சுருண்டு கிடக்கறப்ப சாம் ஊர் ஊரா கன்னு பாக்கப் போயிருக்கான், அவனுக்கு விஷயமே தெரியாது. ஊருக்காகப் போனவனால ஊர்ல இருக்க முடியல. கடைசியில கப்பலேறிப் போயிடறான்.

அந்த அத்தியாயத்தைப் படிக்கிறப்ப மோட்டார் சத்தம் கேக்கல எனக்கு.

அந்த 140-ல முக்காவாசி எங்க அப்பா வச்சது. புயலுக்கு அப்புறம் அவர் தோப்புக்குள்ள கால் வைக்கல. நான் கன்னு வைக்கக் கூப்பிட்டப்ப, "நீ வையிப்பா" அப்படின்னாரு, அவ்வளவுதான். கார்த்திகை பிறந்து லேசா காத்தடிச்சாலே ராத்திரியில எந்திரிச்சு உக்காந்துக்குவாரு. மூணு வருஷம் பாத்துட்டு, தங்கச்சி கூட திருப்பூர்ல இருந்துக்கறேன்னு கிளம்பிட்டாரு. மரமே இல்லாத தெரு அது. அங்க நல்லாத் தூங்கறாருன்னு தங்கச்சி சொல்லுது. ஊருக்கு வாங்கன்னு வருஷா வருஷம் கூப்பிட்டுக்கிட்டு இருந்தேன். இந்தப் புத்தகத்தை முடிச்ச பிறகு, கூப்பிடறதா வேண்டாமான்னு யோசனையா இருக்கு.

புதுக்கன்னுல முதல் வெட்டு இந்த ஆவணியில. பத்துக் காயைச் சாக்குல கட்டி பஸ்ஸுல போட்டு விட்டேன். ராத்திரி போன் பண்ணாரு. காய் எப்படி, விலை என்னன்னு ஒண்ணும் கேக்கல.

"எந்த வரிசைடா காய்ச்சது?"

"வாய்க்கால் ஓரம், மூணாவது வரிசைப்பா."

"அங்க நின்னது நீ பொறந்த வருஷம் வச்சது" அப்படின்னாரு. போனைத் தங்கச்சிகிட்ட குடுத்துட்டாரு.