விளக்கை அணைக்காதது யார்?

2024ஆம் ஆண்டு தை மாதத்தில் நம் தாயார் தமிழ்நாடு எக்ஸ்பிரஸில் தில்லிக்கு வந்தார். மூடுபனிக் காலத்தில் வடக்கே வரும் வண்டிகள் மணிக்கணக்கில் தாமதிப்பது வழக்கம். அன்று பார்த்து வண்டி நேரத்துக்கு வந்துவிட்டது. நாமோ விடியற்காலை 5.30 மணிக்குக் காரில் அமர்ந்து சாவியைத் திருகிக்கொண்டிருந்தோம். ‘டிக், டிக்’ என்ற ஓசையன்றி வேறு பதில் இல்லை. முன்விளக்கைப் போட்டால் அகல் விளக்குப்போல மங்கி எரிந்தது. ஆட்டோ பிடித்து மயூர் விஹாரிலிருந்து நிலையம் போய்ச் சேர்வதற்குள், 76 வயதான அம்மையார் மெல்லிய சால்வையுடன் நடைமேடையில் முக்கால் மணி நேரம் உட்கார்ந்திருந்தார்.

வீடு திரும்பியதும் நம் கோபம் மகளின்மேல் பாய்ந்தது. ஞாயிற்றுக்கிழமை மாலை காரைக் கடைசியாக எடுத்தவள் அவள்தான். மற்ற நாட்களில் நாம் மெட்ரோவில் அலுவலகம் செல்பவர்கள். “உள்விளக்கை அணைக்காமல் இறங்கியிருக்கிறாய். உன்னால் பாட்டி குளிரில் நடுங்கினாள்” என்று தாயார் எதிரிலேயே சொன்னோம்.

“அணைத்துவிட்டுத்தான் இறங்கினேன், அப்பா.”

நாம் நம்பவில்லை. அதன் பிறகு அவள் கார்ச் சாவியைத் தொடவே இல்லை.

பக்கத்துத் தெரு மிஸ்திரி வந்து, தம் பாட்டரியிலிருந்து கேபிள் கொடுத்து எஞ்சினைக் கிளப்பினார். “பாட்டரி போய்விட்டது, புதிது போடுங்கள்” என்றார். வாங்கி ஓராண்டே ஆன பாட்டரி! நாம் போடவில்லை. நான்கு நாட்கள் நின்றதும் வண்டி மறுபடி ஊமையாயிற்று. இம்முறை கடைசியாக ஓட்டியவர் நாமே. உள்விளக்கை இருமுறை பார்த்து அணைத்தவரும் நாமே. அப்பொழுதுதான் நெஞ்சில் முள் தைத்தது.

லஜ்பத் ராய் மார்க்கெட்டில் 500 ரூபாய்க்கு ஒரு மல்டிமீட்டர் வாங்கினோம். அதைப் பயன்படுத்தத் தெரிந்தவள் இயற்பியல் படிக்கும் மகள்தான். தயங்கித் தயங்கி அழைத்தோம். வந்தாள், அதிகம் பேசவில்லை.

முதல் நாள் இரவு முழுதும் சார்ஜ் ஏற்றிச் சில மணி நேரம் சும்மா விட்டிருந்த பாட்டரி 12.6 வோல்ட் காட்டியது. நிறைந்த பாட்டரிக்கு அதுவே கணக்கு; 12க்கு இறங்கினால் ஏறத்தாழக் காலி என்று கொள்ளலாம். எஞ்சின் ஓடுகையில் 14.1 காட்டியது. ஆகவே ஆல்டர்னேட்டரும் தன் வேலையைச் செய்கிறது. முனைகளில் மட்டும் வெண்பச்சைப் பூஞ்சைபோல உப்புப் படிந்திருந்தது. சமையலறையிலிருந்து ஆப்பச்சோடாவை வெந்நீரில் கரைத்துக் கொண்டுவந்து கொடுத்தவர் தாயார். நெகடிவ் கேபிளை முதலில் கழற்றி, கடைசியில் மாட்ட வேண்டும். முறை மாறினால் ஸ்பேனர் வண்டியின் உடலில் பட்டுத் தீப்பொறி பறக்கும். பாட்டரியிலிருந்து ஹைட்ரஜன் வாயு வெளிப்படக்கூடும் என்பதால் அருகே நெருப்பே கூடாது. மோதிரத்தைக் கழற்றிவிடச் சொன்னவள் மகள்.

நிற்க. திருடனைப் பிடித்த விதத்தைச் சொல்ல வேண்டும். கதவுகளையும் டிக்கியையும் மூடிவிட்டு, நெகடிவ் முனைக்கும் அதன் கேபிளுக்கும் நடுவே மீட்டரை 10 ஆம்பியர் துளையில் இணைத்தாள். இந்நிலையில் சாவியைத் திருகினால் மீட்டரின் பியூஸ் போய்விடும் என்று எச்சரித்தாள். வண்டியின் மின்னணுப் பெட்டிகள் உறங்கட்டும் என்று அரை மணி காத்திருந்தோம். நிற்கும் வண்டி 50 மில்லி ஆம்பியருக்கு மேல் இழுக்கலாகாது. மீட்டர் காட்டியதோ 430! நாளொன்றுக்குப் பத்து ஆம்பியர்-மணி வீதம், நம் 35 ஆம்பியர்-மணிப் பாட்டரி மூன்றரை நாளில் வற்றிவிடும் என்று காகிதத்தில் போட்டுக் காட்டினாள். ஞாயிறு மாலையிலிருந்து வியாழன் விடியல் வரை எவ்வளவு என்று நாம் எண்ணிப் பார்த்தோம். வாய் திறக்கவில்லை.

பின்னர்ப் பியூஸ்களை ஒவ்வொன்றாகப் பிடுங்கி, பார்த்து, திரும்பச் செருகினோம். உள்விளக்குப் பியூஸைப் பிடுங்கியதும் 430 சடக்கென்று 20க்கு விழுந்தது.

“பார்த்தாயா!” என்று நம் வாய் முந்திக்கொண்டது.

அவள் உள்ளே எட்டிப் பார்த்தாள். உள்விளக்கு அணைந்தே இருந்தது. “இதே பியூஸில் டிக்கி விளக்கும் இருக்கிறது, அப்பா” என்று சொல்லி, பியூஸை மறுபடி செருகினாள். தன் கைப்பேசியில் படம்பிடிக்கும் பொத்தானை அழுத்தி, டிக்கிக்குள் வைத்து மூடினாள். ஒரு நிமிடம் கழித்து எடுத்துப் பார்த்தோம். மூடிய டிக்கிக்குள் அந்த 5 வாட் பல்பு திருவிழாப்போல எரிந்துகொண்டிருந்தது.

மூடி அமுக்கவேண்டிய சிறு பொத்தான் ஒரு பக்கம் சாய்ந்திருந்தது. அதில் சாக்கு நார் ஒன்று சிக்கியிருந்தது. தாயார் வருகிறாரே என்று அந்த ஞாயிறு காலை கரோல் பாகிலிருந்து 25 கிலோ பொன்னி அரிசி வாங்கி, தூக்க முடியாமல் டிக்கியின் விளிம்பில் இழுத்து இறக்கியவர் நாமே.

மகள் நம்மைப் பார்க்கவில்லை, நாரைப் பார்த்துக்கொண்டிருந்தாள். பழித்தது தாயார் எதிரில் அல்லவா? அவரையும் வாசலுக்கு அழைத்தோம். “தவறு அப்பாவுடையதுதான், அம்மா. அன்று சொன்னது அநியாயம்” என்றோம்.

“சரி, அப்பா. அந்த 10ஆம் நம்பர் ஸ்பேனரை எடுங்கள்” என்றாள்.

“அரிசி எனக்காகத்தானே வாங்கினாய்? அப்படியென்றால் குற்றம் என் பேரில் எழுது” என்றார் தாயார்.

புதிய பொத்தான் 120 ரூபாய். (பியூஸ் போனால் செம்புக் கம்பி சுற்றும் பழக்கமுடைய அன்பர்களுக்கு ஒரு சொல்: வேண்டாம், எரிவது பியூஸாக இராது, வண்டியாக இருக்கும். ஏர்பேகுக்குச் செல்லும் மஞ்சள் உறைக் கம்பிகளையும் தொடவேண்டாம்.)

பங்குனியில் தாயார் ஊர் திரும்பிய இரவு காரை ஓட்டியவள் மகள். நிலையத்தில் பெட்டியை இறக்க டிக்கியைத் திறந்ததும் விளக்கு எரிந்தது. அவள் மூடியபோது, பாட்டி குனிந்து, இடுக்கு வழியாக அது அணைகிறதா என்று உற்றுப் பார்த்தார்.