காற்றுக்குழாயின் பூர்வீகம்

செவ்ரோலே டாஹோ வைத்திருப்பவர்கள் நாலு பேர் கூடினால், பேச்சு எங்கே தொடங்கினாலும் ஏர் இன்டேக்கில் வந்து நிற்கும். கம்பெனி கொடுத்த கறுப்பு பிளாஸ்டிக் பெட்டியைக் கழற்றிப் போட்டுவிட்டு, அகலமான குழாயும் கூம்பு ஃபில்டரும் மாட்டினால் இன்ஜின் நன்றாக மூச்சு விடும், பத்துப் பதினைந்து குதிரைத்திறன் கூடும், மைலேஜும் ஏறும் என்பார்கள். இந்தக் கிட்டின் விலை 350 டாலரிலிருந்து 450 டாலர் வரை. ஃபீனிக்ஸ் நகரத்தை ஒட்டிய சாண்ட்லரில் எங்கள் வட்டத்தில் இருக்கும் கோயம்புத்தூர்த் தம்பி ஒருவர் மாட்டியே விட்டார். "அண்ணா, ஒரு தடவை ஓட்டிப் பாருங்க, வண்டியே வேற மாதிரி இருக்கு" என்று சாவியைக் கையில் கொடுத்தார்.

ஆக்சிலரேட்டரை அமுக்கியதும் முன்பக்கத்திலிருந்து ஒரு கர்ஜனை எழுந்தது. என் டாஹோவில் அந்தச் சத்தம் கிடையாது. காரணம் பிறகு தெரிந்தது: கம்பெனிக் குழாயில் ஒட்டிக்கொண்டிருக்கும் வெற்று அறைகள் ரெசனேட்டர்கள். காற்று உள்ளே போகும்போது எழும் ஓசையை விழுங்குவதற்காகவே அளவெடுத்துச் செய்தவை. கிட்டில் அவை இல்லை. அதனால் சத்தம் கூடுவது உறுதி. வேகம் கூடியதா என்பதுதான் கேள்வி. அதைவிட, இந்த நம்பிக்கை எங்கே பிறந்தது என்பது என்னைப் பிடித்துக்கொண்டது. இத்தனை பேர் இவ்வளவு உறுதியாகச் சொல்கிறார்கள் என்றால், என்றோ எங்கோ அது உண்மையாக இருந்திருக்க வேண்டும்.

இருந்திருக்கிறது. கார்புரேட்டர் காலத்து அமெரிக்கக் கார்களில் ஏர் ஃபில்டர் ஒரு வட்டத் தட்டுபோல இன்ஜினின் தலைமேலேயே உட்கார்ந்திருக்கும். அது இழுத்ததெல்லாம் பானட்டுக்குள் வெந்துகொண்டிருந்த காற்று. காற்று சூடானால் அடர்த்தி குறையும். பத்து டிகிரிக்கு ஏறக்குறைய மூன்று சதவீதம். வெளியே 30 டிகிரி, பானட்டுக்குள் 70 டிகிரி என்று வைத்துக்கொண்டால் கிட்டத்தட்ட 12 சதவீதக் காற்று போய்விடுகிறது. காற்று குறைந்தால் எரிக்கக்கூடிய பெட்ரோலும் குறையும். 300 குதிரைத்திறன் இன்ஜினுக்கு இது சின்ன இழப்பு இல்லை.

பந்தயக்காரர்கள் இதை முதலில் பிடித்துக்கொண்டார்கள். 1964இல் ஃபோர்டு நிறுவனம் டிராக் பந்தயத்துக்காக மட்டும் தயாரித்த ஃபேர்லேன் தண்டர்போல்ட்டில் நான்கு முகப்பு விளக்குகளில் உள்பக்கத்து இரண்டை எடுத்துவிட்டு, அந்த ஓட்டைகளில் கம்பி வலை வைத்து, அங்கிருந்து கார்புரேட்டருக்குக் குழாய் போட்டார்கள். 1965இல் போன்டியாக் தன் ஜிடிஓ காருக்கு, பானட்டின் மேல் இருந்த திறப்பை உண்மையிலேயே காற்று இழுக்கும் வாயாக மாற்றும் பாகங்களை விற்றது. ராம் ஏர் என்ற பெயர் ஊரெங்கும் பரவியது அதற்குப் பிறகுதான்.

இவற்றில் எனக்கு மிகவும் பிடித்தது 1970 செவெல் எஸ்எஸ். ஸ்காட்ஸ்டேலில் பழைய கார்கள் காட்சிக்கு நின்ற இடத்தில், நீலநிற செவெல் ஒன்றின் உரிமையாளர் இன்ஜினை ஓடவிட்டுக் காட்டினார். பானட்டின் பின்னோரத்தில், கண்ணாடிக்குச் சற்று முன்னால், உள்ளங்கை அகலத்தில் ஒரு தகடு மூடியிருந்தது. அவர் ஆக்சிலரேட்டரை முழுதாக அமுக்கியதும் அது படக்கென்று எழுந்தது. காலை எடுத்ததும் படுத்துக்கொண்டது. காற்று முன்னாலிருந்து வரும்போது வாய் ஏன் பின்னால் பார்க்கிறது என்று கேட்டேன். கார் ஓடும்போது கண்ணாடியின் அடியில் காற்று முட்டி நெருங்கி நிற்கும், அழுத்தம் அங்கேதான் கூடுதல் என்றார். குளிர்ந்த காற்று, கூடுதல் அழுத்தம், அதுவும் தேவைப்படும் அந்தக் கணத்தில் மட்டும். அதைச் செய்தவர்களை நினைத்து எனக்கு மனம் நிறைந்துவிட்டது.

பிறகு 1970களில் புகைக் கட்டுப்பாடு வந்தது. குளிர்ந்த இன்ஜின் தடுமாறாமல் ஓடட்டும் என்று எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டைச் சுற்றித் தகடு கட்டி, அங்கே சூடான காற்றை ஒரு குழாய் வழியே ஃபில்டருக்கு அனுப்பினார்கள். கார் வைத்திருந்தவர்கள் அந்தக் குழாயைப் பிடுங்கிவிட்டு வெளிக்காற்றுக்கு வழி செய்தார்கள்.

கூம்பு ஃபில்டரின் வழி வேறு. கலிபோர்னியாவின் ரிவர்சைடில் கென் ஜான்சன், நார்ம் மெக்டொனால்டு என்ற இருவர், மோட்டார் சைக்கிள் வியாபாரத்திலிருந்து வந்தவர்கள், 1969இல் தொடங்கிய நிறுவனம் கே அண்ட் என். பெயர்களின் முதலெழுத்துதான் நிறுவனத்தின் பெயர். எண்ணெய் தடவிய பருத்தித் துணி மடிப்புகள்தான் அவர்களுடைய ஃபில்டர். அதற்கு இரண்டு வருடம் முன்னால், 1967இல்தான், மெக்சிகோவின் பாஹா தீபகற்பத்தில் முதல் பாலைவனப் பந்தயம் நடந்திருந்தது. பாலைவனத்தில் ஓட்டும் பந்தயக்காரனுக்கு வேண்டியது அடைத்துக்கொள்ளாத, கழுவி மறுபடி மாட்டக்கூடிய ஃபில்டர். அவன் இன்ஜினைப் பந்தயத்துக்குப் பந்தயம் பிரித்துக் கோர்ப்பவன். கொஞ்சம் தூசி கூடுதலாக உள்ளே போனாலும் அவனுக்குக் கவலையில்லை. குழந்தைகளைப் பள்ளியில் விட்டு, இரண்டு லட்சம் மைல் ஓட வேண்டும் என்று வைத்திருக்கும் என் வண்டிக்கும் அவனுடைய கணக்கே பொருந்தும் என்று எப்படிச் சொல்ல முடியும்?

ஆக, நம்பிக்கையின் வேர் பொய்யில்லை. பெட்ரோலை ஊசித்துளை வழியே பீய்ச்சும் இன்ஜெக்‌ஷன் வந்தபோது கார்புரேட்டர் போயிற்று. ஃபில்டர் இன்ஜினின் தலையிலிருந்து இறங்கி ஓரத்துப் பெட்டிக்குள் போனது. என் டாஹோவின் பெட்டியைத் திறந்து, உள்ளே டார்ச் அடித்துப் பார்த்தேன். அதன் வாய் ஃபெண்டர் பக்கமாகத் திறந்திருக்கிறது. இன்ஜினின் சூட்டுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, வெளிக்காற்றைத்தான் இழுக்கிறது. செவெல்காரர்கள் தகடு வைத்துச் சாதித்ததை ஒவ்வொரு வண்டியிலும் தொழிற்சாலையே செய்துவிட்டது. குளிர்ந்த காற்று என்று கடையில் விற்பதை வண்டி வாங்கும்போதே நாம் வாங்கிவிட்டோம்.

மிச்சம் இருப்பது குழாயின் தடை. அதை அளக்கலாம். டாஷ்போர்டுக்குக் கீழே இருக்கும் ஓபிடி சாக்கெட்டில் ஒரு ரீடரைச் செருகி, போனில் சென்சார்களின் எண்களைப் பார்த்தேன். மனைவி ஓட்ட, நான் பக்கத்தில். இன்ஜின் ஓடாதபோது வெளிக்காற்றின் அழுத்தம் 97 கிலோபாஸ்கல். ஃபீனிக்ஸ் உயரத்துக்கு அதுதான் கணக்கு. ஃப்ரீவே ஏறும் சாய்வில் ஆக்சிலரேட்டரை முழுதாக அமுக்கச் சொன்னேன். மேனிஃபோல்டு அழுத்தம் 95 என்று நின்றது. வெளியிலிருந்து சிலிண்டரின் வாசல்வரை வருவதற்குள் தொலைவது இரண்டு. சென்சார் முழு எண்ணில்தான் காட்டும். மூன்று என்றே வைத்துக்கொள்வோம். ஃபில்டர், பெட்டி, குழாய், த்ராட்டில் எல்லாம் சேர்ந்து சுமார் மூன்று சதவீதம். 5.3 லிட்டர் வி8 இன்ஜினின் 355 குதிரைத்திறனில் அது ஏறக்குறைய பதினொன்று. ஃபில்டரே இல்லாமல், குழாயே இல்லாமல் ஓட்டினால்தான் அந்தப் பதினொன்றும் முழுதாகத் திரும்பக் கிடைக்கும். எந்தக் கிட்டாலும் அதில் ஒரு பங்கைத்தான் தர முடியும். அதுவும் 5600 ஆர்பிஎம்மில், கால் தரையைத் தொடும்போது. ஃப்ரீவேயில் என் இன்ஜின் சுற்றுவது இரண்டாயிரத்துக்கும் கீழே.

இதே ரீடரைச் செருகியபடி ஐ-17 நெடுஞ்சாலையில் ஃபிளாக்ஸ்டாஃப் போனோம். 340 மீட்டரிலிருந்து 2100 மீட்டருக்கு ஏறும் பாதை. ட்ரெய்லர் இழுப்பவர்கள் இன்டேக் மாற்றச் சொல்லும் காரணமே இந்த ஏற்றம்தான். ஏற ஏற வெளிக்காற்றின் எண் இறங்கிக்கொண்டே வந்தது. ஃபிளாக்ஸ்டாஃபில் 78. மலை எடுத்துக்கொண்டது பத்தொன்பது. குழாய் திருப்பித் தரக்கூடியது ஒன்றோ ஒன்றரையோ. இந்த இரண்டு எண்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்த பிறகு எனக்கு வேறு சான்று தேவைப்படவில்லை. டர்போவோ சூப்பர்சார்ஜரோ வைத்துக் காற்றைத் திணிக்கும் இன்ஜினின் நிலை வேறு. அங்கே காற்றோட்டம் பல மடங்கு கூடும், பழைய குழாய் நெரிக்கும், பெரிய இன்டேக் போட்டு ட்யூனையும் மாற்றினால் பலன் உண்டு.

மைலேஜைப் பற்றி ஓக் ரிட்ஜ் தேசிய ஆய்வுக்கூடம் 2009இல் ஓர் அறிக்கை வெளியிட்டது. ஃபில்டரை வேண்டுமென்றே அடைத்துக் கார்களை ஓட்டிப் பார்த்தார்கள். இன்ஜெக்‌ஷன் கார்களில் எரிபொருள் செலவு சொல்லும்படியாக மாறவேயில்லை, வேகமெடுப்பதுதான் மந்தமானது. பழைய கார்புரேட்டர் காரில்தான் மைலேஜ் அடிபட்டது. காரணம் எளிது. சாதாரணமாக ஓட்டும்போது பெட்ரோல் இன்ஜினின் காற்றை நெரிப்பதே த்ராட்டில்தான். அதைக் கொண்டுதான் வேகத்தைக் கட்டுப்படுத்துகிறோம். முன்னால் ஃபில்டர் கொஞ்சம் தடுத்தால் த்ராட்டில் கொஞ்சம் கூடுதலாகத் திறந்துகொள்ளும். உள்ளே போகும் காற்றும், அதற்கேற்ற பெட்ரோலும் மாறுவதில்லை. நன்றாக அடைத்த ஃபில்டராலேயே மைலேஜ் கெடவில்லை என்றால், சுத்தமான ஃபில்டரை இன்னும் அகலமாக்கி எதைக் கூட்டப்போகிறோம்?

அடுத்தது தூசி. இதில்தான் என் தேடல் வீட்டு வாசலுக்கே வந்தது. ஏர் ஃபில்டர்களைச் சோதிக்கும் ஐஎஸ்ஓ 5011 முறையில், எடை போட்ட தூசியை ஃபில்டரில் ஊதி, தாண்டிப் போனது எவ்வளவு என்று பார்க்கிறார்கள். அந்தத் தூசிக்கும் தரம் உண்டு. உலகம் முழுக்க அதற்கு வழங்கும் பெயர் அரிசோனா டெஸ்ட் டஸ்ட். அதன் பூர்வீகம் சால்ட் ரிவர் பள்ளத்தாக்கு. நாங்கள் குடியிருப்பது அதே பள்ளத்தாக்கில். சுமார் 70 சதவீதம் சிலிக்கா, அதாவது நுண்ணிய மணல். பிஸ்டன் ரிங்குக்கும் சிலிண்டர் சுவருக்கும் நடுவே அது புகுந்தால் உப்புத்தாள் வைத்துத் தேய்த்ததுபோல்தான். கோடையில் ஹபூப் என்னும் புழுதிப்புயல் கிளம்பினால் எதிர் வீடு தெரியாது.

ஒரு ஃபில்டர் 99 சதவீதத் தூசியைப் பிடிக்கிறது, இன்னொன்று 97 சதவீதத்தைப் பிடிக்கிறது என்றால் கேட்க இரண்டும் ஒன்றுபோல இருக்கும். இன்ஜினுக்குள் போவதைக் கணக்கிட்டால் ஒன்றுக்கு மூன்று. காற்று எளிதாகப் போகிற துளை வழியே தூசியும் எளிதாகப் போகும். எண்ணெய் தடவும் வகையில் கை தாராளமாகிவிட்டால் அந்த எண்ணெய் காற்றளவுச் சென்சாரின் மெல்லிய கம்பியில் படிந்து அளவையே குழப்பும். கலிபோர்னியாவில் இன்னொன்றும் பார்க்க வேண்டும்: அந்த மாநிலத்துக் காற்று வாரியத்தின் ஆணை எண் இல்லாத கிட்டை மாட்டினால் புகைச் சோதனையில் தேறாது. வாரன்டி பறிபோகும் என்ற பயம் மட்டும் பாதிதான் சரி. 1975ஆம் ஆண்டின் மேக்னசன்-மாஸ் சட்டப்படி, வெளிப் பாகம்தான் கோளாறுக்குக் காரணம் என்று காட்டாமல் வாரன்டியை மறுக்க முடியாது.

இத்தனையையும் தம்பியிடம் சொன்னேன். பொறுமையாகக் கேட்டார். "அப்ப கழட்டிடலாமாண்ணா?" என்றார். முதலில் பார்ப்போம் என்று, ஒரு புயல் அடித்து ஓய்ந்த பிறகு இரண்டு வண்டிகளின் பானட்டையும் திறந்தோம். ஃபில்டருக்குப் பின்னால், சுத்தமான காற்று மட்டும் போக வேண்டிய பக்கத்தில், வெள்ளைத் துணியால் துடைத்தோம். என் வண்டியில் துணி வெள்ளையாகவே வந்தது. அவருடையதில் கிளாம்ப் இறுக்கிய இடத்தில் ஒரு பக்கம் மட்டும் விரல் நீளத்துக்குப் பழுப்புக் கோடு. குழாயும் ஃபில்டரின் கழுத்தும் அங்கே சரியாக உட்காரவில்லை. அதே குழாயைக் கையால் தொட்டுப் பார்த்தபோது சூடும் தெரிந்தது; வெப்பத்தைத் தடுக்க வைத்த தகட்டின் ரப்பர் ஓரம் பானட்டைத் தொடாமல் இடைவெளி விட்டிருந்தது.

அன்றைக்கே பழைய பெட்டியைத் தேடி எடுத்து, புதுக் காகித ஃபில்டர் போட்டு மாட்டிவிட்டார். கிட்டை அவர் விற்கவில்லை. புழுதிக்காலம் முடிந்து அக்டோபரில், கிளாம்ப்பையும் ரப்பரையும் சரிசெய்து திரும்ப மாட்டப்போகிறாராம். "பவர் இல்லன்னு புரிஞ்சிருச்சு அண்ணா. ஆனா அந்தச் சத்தம் எனக்குப் புடிச்சிருக்கு" என்றார். அதற்காகத்தான் வாங்குகிறோம் என்று தெரிந்து வாங்கினால் நானூறு டாலர் நியாயமான விலைதான் என்று அவரிடம் சொன்னேன்.