ஊருக்கு வெளிய செத்த சாமி

நவம்பர் 2 எங்களுக்குக் கல்லறைத் திருநாள். கல்லறைக்கு வெள்ளையடித்து, பூப்போட்டு, மெழுகுதிரி கொளுத்தி வைப்போம். எங்க ஊர்ல கல்லறைத் தோட்டம் ரெண்டு. கோயிலை ஒட்டி, சுத்துச்சுவர் கட்டி இருப்பது ஊர்க்காரர்களுக்கு. ஓடைக்கு அந்தப் பக்கம், மழை பெஞ்சா தண்ணி நிக்கிற பள்ளத்துல கிடப்பது எங்களுக்கு. ரெண்டுலயும் குழி வெட்டுனது எங்க அப்பாதான்.

ஒரே கோயில், ஒரே பூசை, ஒரே சாமியார் கையால நன்மை. செத்த பிறகு மட்டும் தனித்தனி. மோட்சத்துக்குப் போற வழியிலகூட சேரிக்குத் தனிப் பாதை போட்டு வச்சிருக்காங்க.

2014இல் அப்பா இறந்தார். எங்க கோயில்ல பிணத்தை வைத்துத் தூக்கிப்போக ஒரு தூம்பா உண்டு. நல்ல தேக்கு. நாலு மூலையிலும் சம்மனசு செதுக்கியிருக்கும். வருசா வருசம் அதைக் கழுவித் துடைத்து எண்ணெய் போட்டு வைத்தவர் அப்பா. ஆனால் சேரிப் பிணம் அதில் ஏறியதே இல்லை. எங்களுக்கு மூங்கில் பாடை. கோயில் தெரு வழியாகப் போகாமல் வயல் வரப்பு வழியாகப் போகவேண்டும்.

நான் சாமியாரிடம் போய்த் தூம்பாவைக் கேட்டேன். 'சாமி, நாப்பது வருசமா இந்தக் கோயிலுக்குக் குழி வெட்டுனவரு. ஒரு தடவ குடுங்க' என்றேன். அவர் நல்லவர்தான். தலையைக் குனிந்துகொண்டு சொன்னார்: 'ஆண்டவருக்கு முன்னாடி எல்லாரும் ஒண்ணுதாம்மா. பிரச்சினை வேணாம். சமாதானமா அடக்கம் பண்ணிடுங்க.'

சமாதானம்! பிணம் மட்டுந்தான் இந்த ஊரில் சமாதானமாகக் கிடக்கிறது என்று நினைத்துக்கொண்டு திரும்பி வந்தேன்.

தோழர்களுக்கு ஒரு உண்மையைச் சொல்ல வேண்டும். அன்றைக்கு எனக்குப் பயம். மேடையில் அம்பேத்கரைப் பற்றி ஒரு மணி நேரம் பேசுகிறவள் நான். எம்.ஏ. தமிழ் படித்தவள். 'கருக்கு' படித்துவிட்டு ராத்திரியெல்லாம் தூங்காமல் கிடந்தவள். ஆனால் அப்பாவின் பிணத்தை நடுவீட்டில் போட்டுவிட்டு, கோயில் தெரு வழியாகத் தூக்குவதா வேண்டாமா என்று வந்தபோது எனக்குக் கால் நடுங்கியது. 2008 மார்ச்சில் எறையூரில் நடந்தது கண்ணுக்குள் வந்தது. தங்களுக்கென்று தனிப் பங்கு கேட்ட தலித் கிறித்தவர்களின் வீடுகளைத் தாக்கியவர்களும் கிறித்தவர்கள்தானே? போலீஸ் துப்பாக்கிச் சூட்டில் 2 பேர் செத்த பிறகுதானே நாடு திரும்பிப் பார்த்தது?

சட்டத்திடம் போகலாமே என்பீர்கள். எந்தச் சட்டம்? 1950இல் வந்த குடியரசுத் தலைவர் ஆணை, இந்து அல்லாதவரைப் பட்டியல் சாதி இல்லை என்றது. 1956இல் சீக்கியரைச் சேர்த்தார்கள். 1990இல் பௌத்தரைச் சேர்த்தார்கள். கிறித்தவரையும் முஸ்லிமையும் இன்றுவரை சேர்க்கவில்லை. மதத்தைப் பார்க்காதே என்று ரங்கநாத் மிஸ்ரா ஆணையம் 2007இல் பரிந்துரைத்ததும் அப்படியே கிடக்கிறது. என் சான்றிதழில் நான் பிற்படுத்தப்பட்டவள். 1989ஆம் வருசத்து வன்கொடுமைத் தடுப்புச் சட்டம் எனக்கு இல்லை. தெருவில் மறிப்பவனுக்கு நான் சேரிக்காரி. அரசாங்கத்துக்கு மட்டும் நான் சேரிக்காரி இல்லை.

இப்படிக் கணக்குப் போட்டுக்கொண்டு திண்ணையில் உட்கார்ந்திருந்தேன். அப்பத்தா கிட்டே வந்தது. எழுபத்தஞ்சு வயசு இருக்கும். எழுத்து வாசனை கிடையாது. பெத்த மகன் செத்துக் கிடக்கிறான், அழுது அழுது தொண்டை கட்டிப்போயிருந்தது.

'என்னடி யோசன?' என்றது.

'அந்தத் தெரு வழியாப் போனா அடிப்பாங்க அப்பத்தா.'

'சேசுசாமிய எங்கன வச்சுக் கொன்னாக? ஊருக்குள்ளயா? ஊருக்கு வெளிய மேட்டுல வச்சுத்தான கொன்னாக. நம்மள மாதிரி வெளிய கெடந்தவருதாண்டி அவரு. அவரக் கோயிலுக்குள்ள கொண்டாந்து பூட்டி வச்சது இவுக. மாதா மகன மடியில போட்டுக்கிட்டுப் பயந்துக்கிட்டா இருந்தா? எந்திரி.'

அப்பத்தா இதை எந்தப் பிரசங்கத்திலும் கேட்டிருக்காது. பெரிய வெள்ளிக்கிழமை தோறும் ஒப்பாரி வைத்து வைத்து அதுவே கண்டுபிடித்தது. ரொம்ப நாள் கழித்து எபிரேயருக்கு எழுதிய திருமுகம் 13ஆம் அதிகாரத்தில் நானே பார்த்தேன். ஏசு நகர வாசலுக்கு வெளியே பாடுபட்டார், நாமும் வெளியே அவரிடம் போவோம் என்றுதான் அங்கேயும் இருக்கிறது.

சுவரில் தொங்கிய பாடுபட்ட சுரூபத்தைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டது அப்பத்தா. முன்னால் நடந்தது. பின்னால் பாடை. அதற்குப் பின்னால் நாங்கள் பொம்பளைகள், பிள்ளைகள் எல்லோரும். கோயில் தெரு முனையில் ஏழெட்டுப் பேர் மறித்தார்கள். கெட்ட வார்த்தை பேசினார்கள். ஒரு கல் வந்து பாடைமேல் விழுந்தது. அப்பத்தா சுரூபத்தைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு, 'இவரத் தள்ளிவிட்டுட்டு வாங்கய்யா' என்றது. தள்ளிவிடவும் அவர்களுக்குத் தைரியமில்லை, வழிவிடவும் மனசில்லை. கொஞ்ச நேரம் அப்படியே நின்றோம். பிறகு ஓரமாக ஆள் போகிற அளவுக்கு விலகினார்கள். என் கால் நடுக்கம் எப்போது நின்றது என்று எனக்குத் தெரியாது.

உடனே எல்லாம் மாறிவிடவில்லை. ரெண்டு மாசம் எங்க ஆளுக யாரையும் வயல் வேலைக்குக் கூப்பிடவில்லை. கஞ்சிக்கே கஷ்டம். தூம்பா இன்னும் கொடுக்கவில்லை. ஆனால் அதற்குப் பிறகு சேரிப் பிணம் எதுவும் வரப்பு வழியாகப் போகவில்லை. ஊர்க்காரர்களுக்குக் குழி வெட்டவும் எங்களில் யாரும் போகவில்லை.

'இன்னுமா அந்தக் கோயிலுக்குப் போற?' என்று இயக்கத் தோழர்கள் கேட்கிறார்கள். நியாயமான கேள்வி. 1956இல் அண்ணல் காட்டிய வழியை நான் மதிக்கிறேன். இந்தியக் கத்தோலிக்கரில் 1 கோடியே 20 லட்சம் பேர் தலித்துகள் என்று ஆயர் பேரவையே 2016இல் ஒத்துக்கொண்டது. அப்படியானால் இந்தத் திருச்சபை யாருடையது? நாம் எதற்கு வெளியே போக வேண்டும்?

'உன் சிலுவையைப் பொறுமையாகச் சும' என்று சொல்லிச் சொல்லி நம்மைக் குனிய வைத்த விசுவாசமும் உண்டு. அதை நான் என்றைக்கோ விட்டுவிட்டேன். சிலுவையைச் செய்தவன் யார், நம்ம தோளில் ஏற்றியவன் யார் என்று கேட்க வைக்கிற விசுவாசமும் உண்டு. அது அப்பத்தாவிடமிருந்து எனக்கு வந்தது.

அப்பத்தாவும் இப்போது இல்லை. இந்த நவம்பர் 2லும் ஓடைக்கரைப் பள்ளத்தில் அதுக்கும் அப்பாவுக்கும் மெழுகுதிரி கொளுத்தினேன். அங்கே சுத்துச்சுவர் கிடையாது, காத்து அணைக்கும். திரும்பவும் கொளுத்தினோம். தூம்பா கேட்டு ஆயருக்கு மறுபடியும் ஒரு மனு எழுதி வைத்திருக்கிறேன். இந்தத் தடவை சேரிப் பொம்பளைகள் எல்லோருமாகச் சேர்ந்து கொண்டுபோய்க் கொடுக்கப் போகிறோம்.