தனியாகப் பாடப் பழகுவது

கேப் டவுனின் குகுலெத்துவில் ஒரு பள்ளிக்கூட ஹால். சனிக்கிழமை மதியம். பிளாஸ்டிக் நாற்காலிகளைச் சுவரோரம் தள்ளிவிட்டு ஒரு கொயர் நிற்கிறது: நர்ஸ், காவலாளி, பள்ளி ஆசிரியை, வேலை தேடிக்கொண்டிருக்கும் இளைஞர்கள். பியானோ கிடையாது. கொயர் நடத்துபவரை எல்லோரும் ‘டாட்டா’ என்கிறார்கள். கோசா மொழியில் அப்பா. அவர் சட்டைப்பையிலிருந்து ட்யூனிங் ஃபோர்க்கை எடுத்து, முழங்காலில் தட்டி, காதோரம் பிடித்து, சோப்ரானோ, ஆல்ட்டோ, டெனர், பேஸ் என்று நான்கு வரிசைக்கும் ஆளுக்கொரு ஸ்வரம் முனகிக் கொடுத்தார். கையை உயர்த்தினார். ஹேண்டலின் ‘மெசையா’ கிளம்பியதில் ஜன்னல் கண்ணாடி அதிர்ந்தது.

எல்லோர் கையிலும் ஜெராக்ஸ் தாள். எட்டிப் பார்த்தேன். ஐந்து கோடுகள் இல்லை. டோ, ரே, மீ என்ற ஸ்வரப் பெயர்களின் முதலெழுத்துகள், இடையிடையே காலக் கணக்குக்கு முக்காற்புள்ளி, புள்ளி, காற்புள்ளி. டானிக் சோல்ஃபா. 19ஆம் நூற்றாண்டில் ஜான் கர்வென் என்ற ஆங்கிலேயப் பாதிரியார் பரப்பிய முறை. மிஷன் பள்ளிகள் வழியாகத் தென்னாப்பிரிக்காவுக்கு வந்தது. ஸ்வரக் குறிகளுக்கென்று தனி அச்சு வேண்டாம், தட்டச்சு இயந்திரம் ஒன்று இருந்தால் போதும் என்பதால் ஏழைப் பள்ளிகளில் வேர்பிடித்துக்கொண்டது. இன்றைய தேசிய கீதத்தின் முதல் பகுதியை 1897இல் இயற்றிய ஈனாக் சொன்டோங்காவும் சோல்ஃபாவில் எழுதியவர்தான். நம்மவர்களுக்கு இதில் ஒன்றை விளக்கவே வேண்டாம். டோ ஓரிடத்தில் கட்டிப்போடப்பட்டதல்ல. நம் ஷட்ஜத்தை எந்தக் கட்டையில் வைத்தாலும் அது ஷட்ஜம்தானே, அதே கணக்கு.

சோப்ரானோ வரிசையின் கடைசியில் நின்ற பெண்ணைப் பார்க்கத்தான் நான் போயிருந்தேன். கேப் டவுன் பல்கலைக்கழகத்தின் இசைக் கல்லூரியில் ஓபரா படிக்கிறாள், மூன்றாம் ஆண்டு. பாட்டியோடு மெதடிஸ்ட் சர்ச்சுக்குப் போய்ச் சிறுவயதிலேயே கொயரில் சேர்ந்தவள். ஓபராவை முதலில் எங்கே கேட்டாய் என்றேன். நான் எதிர்பார்த்ததுபோல வானொலியிலோ இசைத்தட்டிலோ இல்லை. “கொயர் போட்டியில்தான். எங்கள் பக்கத்து வீட்டு அண்ணன் வெர்டி பாடினார்.” இங்கே கொயர் போட்டிகளில் தனிக்குரல் பிரிவு உண்டு, அதற்கு ஓபராப் பாடல்களையே நிர்ணயிப்பார்கள். டெனர் உச்ச ஸ்வரத்தைத் தொட்டதும் கூட்டம் விசிலடித்து எழுந்து நிற்கும். ஓபரா என்றாலே பட்டுக் கையுறையும் தொலைநோக்கியும் என்று நினைத்திருப்பவர்கள் ஒருமுறை இங்கே வந்து உட்கார வேண்டும்.

திங்களன்று அவளோடு டாக்ஸியில் கல்லூரிக்குப் போனேன். டாக்ஸி என்றால் இங்கே ஆட்களை நெருக்கி ஏற்றும் வேன். 1910இல் தொடங்கிய கல்லூரி அது. மலையடிவாரத்தில் ரோஸ்பேங்க் என்ற இடத்தில் பழைய மாளிகை ஒன்றில் 1925 முதல் இருக்கிறது. தாழ்வாரத்தில் ஒவ்வொரு கதவுக்குப் பின்னாலும் ஒரு குரல் ஒரே ஏணியில் ஏறி இறங்கிக்கொண்டிருந்தது.

வகுப்பில் பாட்டே இல்லை. முதலில் உதடுகளைப் படபடக்க விட்டு ஒரு ஸ்வர வரிசை. பிறகு மூச்சு. விலா எலும்புகள் விரிந்தபடியே இருக்க வேண்டும், காற்று போகப்போக அவை சரியக் கூடாது; இத்தாலியர்கள் இதை அப்போஜ்ஜோ என்கிறார்கள். ஆசிரியை தன் கையை மாணவியின் விலாவில் வைத்து, அது சரியும் நொடியிலெல்லாம் நிறுத்தினார். அப்புறம் பஸாஜ்ஜோ: நடுக் குரலிலிருந்து மேல் குரலுக்கு மாறும் இடம். சோப்ரானோவுக்கு அந்த ஓரிரு ஸ்வரங்களில்தான் குரல் உடையும். உடையாமல் தாண்டுவதற்கு ஆண்டுக்கணக்கில் பழக வேண்டும். அன்று அவள் தாண்டவில்லை. திரும்ப. இன்னொரு முறை. அரை ஸ்வரம் இறக்கி மறுபடி.

“ஒளிந்துகொள்ளாதே” என்று ஆசிரியை அடிக்கடி சொன்னார். அது எனக்குப் புரியக் கொஞ்ச நேரம் ஆனது. பத்தாண்டுக்கு மேலாக இவள் கற்றது, பக்கத்தில் நிற்பவரின் குரலைக் கேட்டு அதில் தன் குரலைக் கரைப்பது. தனியாகத் துருத்தினால் டாட்டா முறைப்பார். இங்கே வேண்டியது நேரெதிர். ஓபரா மேடையில் மைக் கிடையாது. குழிக்குள் ஒரு முழு ஆர்கெஸ்ட்ரா வாசிக்க, அதைத் தாண்டிக் கடைசி வரிசைக்குக் குரல் போக வேண்டும். கத்திப் பயனில்லை, வயலின்களும் டிரம்பெட்டுகளும் ஜெயித்துவிடும். ஆர்கெஸ்ட்ராவின் சக்தி பெரும்பாலும் 500 ஹெர்ட்ஸ் பக்கம் குவிகிறது. பழகிய குரலோ 3000 ஹெர்ட்ஸ் அருகே ஒரு கூர்மையைச் சேர்த்துக்கொள்கிறது. வாத்தியங்கள் வலுவிழக்கும், காது கூர்மையாகும் இடம் அது. குரல்வளையைத் தாழ்த்தி, தொண்டைக்குள் இடம் திறந்தால் இது தானே வரும் என்பது பாடம். தானே வருவதற்குத்தான் இத்தனை வருஷம்.

இதில் இன்னொரு சங்கடம். நம் குரல் மண்டை எலும்பு வழியாகவும் நமக்குக் கேட்பதால், அரங்கில் அது எப்படிக் கேட்கிறது என்று பாடுகிறவருக்குத் தெரியாது. அவள் பழக்கத்தில் காதருகே கையைக் குவித்தாள். ஆசிரியை மெதுவாக இறக்கிவிட்டார். கேட்டுப் பாடியே வளர்ந்தவளிடம், கேட்காதே, உடம்பில் எங்கே அதிர்கிறது என்று மட்டும் பார் என்கிறார்கள். எனக்கு இது கொடுமையாகவே பட்டது.

உயிரெழுத்தில் மட்டும் அவளுக்குச் சிரமமே இல்லை. வாக்கை என்ற ஆசிரியர் 1830களில் எழுதிய பயிற்சிகளை இன்னும் வைத்திருக்கிறார்கள், இத்தாலிய உயிரொலிகளைச் சுத்தமாக நீட்டிப் பழகுவதற்கு. கோசா மொழியிலும் உயிர்கள் ஐந்தே, எல்லாம் தெளிவானவை. ஜெர்மன் வகுப்பில்தான் கஷ்டமாம்.

ஐந்து கோட்டு ஸ்டாஃப் நொட்டேஷனைப் பள்ளி முடித்து இங்கே வந்த பிறகுதான் படித்திருக்கிறாள். ‘மெசையா’வின் கோரஸ்களை மனப்பாடமாக வைத்திருப்பவள், முதலாண்டில் கோடுகளை எண்ணி எண்ணிப் படித்தாளாம். மொஸார்ட் பரவாயில்லை, அடுத்த டோ எங்கே என்று காது சொல்லிவிடும். ரிச்சர்ட் ஸ்ட்ராஸில் டோவே காணாமல் போய்விடுகிறது என்று சிரித்தாள். அவள் புத்தகத்தைப் புரட்டினேன். ஐந்து கோட்டின் மேலே பென்சிலில் சோல்ஃபா எழுத்துகள். சோல்ஃபாவில் வளர்ந்தவர்களை ‘இசை வாசிக்கத் தெரியாதவர்கள்’ என்று சொல்லும் வழக்கம் ஒன்று இருக்கிறது. எதையும் வாசிக்காமலா அந்த ஹாலில் நான்கு குரலில் ஹேண்டல் பாடினார்கள்?

இந்த ஊரில் வெள்ளையரல்லாதவர் ஓபரா பாடுவது புதிதும் அல்ல. டிஸ்ட்ரிக்ட் சிக்ஸ் என்ற பகுதியில் 1933இல் தொடங்கிய இயோன் என்ற கலைக்குழு, 1956இல் நகர மண்டபத்தில் ‘லா ட்ராவியாட்டா’வை இத்தாலிய மொழியிலேயே மேடையேற்றியது. பகலில் தொழிற்சாலையிலும் தையல் மெஷினிலும் வேலை, இரவில் ஒத்திகை. பலர் கேட்டுக் கேட்டே மனப்பாடம் செய்தவர்கள். கதாநாயகியாகப் பாடியவர் மே ஆப்ரகாம்ஸே. 1966இல் டிஸ்ட்ரிக்ட் சிக்ஸ் வெள்ளையர் பகுதி என்று அறிவிக்கப்பட்டது. 1971இல் நிக்கோ மலான் என்ற பெரிய ஓபரா அரங்கு வெள்ளையர்களுக்கென்று திறக்கப்பட்டது. மற்றவர்களுக்குக் கதவு திறக்க 1975 ஆயிற்று. இன்று அதன் பெயர் ஆர்ட்ஸ்கேப். இவள் கல்லூரி விடுமுறையில் அங்கே டிக்கெட் கிழித்திருக்கிறாள்.

அவள் கைப்பேசித் திரையில் சோப்ரானோ பாடகி ப்ரெட்டி யெண்டேயின் படம். பீட் ரெட்டீஃப் என்ற ஊரருகே, கறுப்பினத்தவர் குடியிருப்பான டவுன்ஷிப் ஒன்றில் பிறந்தவர். பதினாறு வயதில் தொலைக்காட்சியில் ஒரு விமான நிறுவன விளம்பரத்தில் ‘லாக்மே’ ஓபராவின் இருகுரல் பாட்டைக் கேட்டு, இது என்ன என்று பள்ளி ஆசிரியரிடம் விசாரித்தவர். இதே கல்லூரியில் படித்தார். 2011இல் ஒபராலியா என்ற ஓபராப் பாடகர் போட்டியில் முதல் பரிசு; 2013இல் நியூயார்க் மெட்ரோபாலிட்டனில் வேறொருவருக்குப் பதிலாக அவசரமாக இறங்கி, முதல் நுழைவிலேயே தடுக்கி விழுந்து, எழுந்து பாடி முடித்தார். 2017இல் அதே ஒபராலியாவை வென்ற டெனர் லெவி செக்கபானேயும் இங்கே படித்தவர்தான். தாழ்வாரத்தில் எல்லோருக்கும் இந்தக் கதைகள் தலைகீழ்ப் பாடம். வெளிநாடு போய் வாய்ப்பின்றித் திரும்பி வந்தவர்கள் கதையை யாரும் அவ்வளவாகச் சொல்வதில்லை. ஐரோப்பாவில் ஆடிஷனுக்கு விசா, விமானச் சீட்டு, தங்குமிடம் எல்லாம் கைக்காசு. அதோடு, இவளுடைய இருபத்தொரு வயதில் குரல் இன்னும் முற்றவில்லை. சுசான்னா, ஜெர்லீனா போன்ற மொஸார்ட்டின் இளம்பெண் வேடங்கள் பாடலாம். ‘டோஸ்கா’ போன்ற கனமான வேடத்தை முப்பது தாண்டாமல் தொட விடமாட்டார்கள், தொட்டால் குரல் கெடும்.

அதுவரை என்ன செய்வாய் என்று கேட்டேன். கேப் டவுன் ஓபராவின் கோரஸில் இடம் காலியானால் முயல்வாளாம். 2013இல் சர்வதேச ஓபரா விருதுகளில் சிறந்த கோரஸ் என்று பரிசு வாங்கிய குழு அது. ஆசிரியைக்கு இதில் சம்மதமில்லை. கஷ்டப்பட்டு வெளியே இழுத்த குரல் மறுபடி கூட்டத்துக்குள் போய்விடும் என்று பயம். “அவர் சொல்வது சரிதான்” என்றாள் அவள், டாக்ஸிக்குச் சில்லறை எண்ணிக்கொண்டே. “ஆனால் கோரஸில் சம்பளம் உண்டு. பாட்டிக்கும் அதுதான் பிடிக்கும்.”